பொத்தான் கூடினால் திறன் கூடுமா? டிடெக்டர் வாங்கவிருக்கும் வாசகிக்கு

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் இப்ஸ்விச் நகரில் வசிக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், வலிகாமம் பகுதி. எங்களுக்குப் பழக்கமான விவசாயி ஒருவர், அறுவடை முடிந்ததும் தம் வயலில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடிப் பார்க்க எனக்கும் 12 வயது மகனுக்கும் அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபெலிக்ஸ்டோ கடற்கரைக்கும் போக ஆசை. கடையில் இரண்டு கருவிகளைக் காட்டினார்கள். ஒன்று இருநூறு பவுண்டுச் சொச்சம், நாலைந்து பொத்தான்கள்தான். மற்றது ஆயிரத்துக்கு மேல், பக்கம் பக்கமாக அமைப்புகள். "எளியதை வாங்கினால் சீக்கிரம் அலுத்துவிடும்" என்கிறார் கடைக்காரர். "வாங்குவதை ஒரேயடியாக நல்லதாக வாங்கு" என்கிறார் என் கணவர். எதை வாங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். 1995 இடப்பெயர்வின்போது அம்மா நகைகளை வளவுக்குள் புதைத்துவிட்டு வந்தார். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, இடம் பிடிபடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்தக் கருவி உதவுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைக்காரர் சொன்னதிலும் உங்கள் கணவர் சொன்னதிலும் ஒரே அனுமானம்தான் இருக்கிறது. அமைப்புகள் அதிகமுள்ள கருவி ஆழமாகத் தேடும், குறைவாக உள்ளது மேலோட்டமாகத் தேடும் என்பது அது. டிடெக்டர்களை விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். விலை உயர்ந்ததை விற்றால் எனக்கும் லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன்: கருவியின் திறன் வேறு, அதில் உங்கள் கைக்கு விடப்பட்டிருக்கும் அமைப்புகளின் எண்ணிக்கை வேறு. விலைப்பட்டியலில் இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன.

2018இல் ஆஸ்திரேலிய நிறுவனமான மினலேப், எக்வினாக்ஸ் 600, எக்வினாக்ஸ் 800 என்று இரண்டு கருவிகளைச் சேர்த்தே வெளியிட்டது. பல அதிர்வெண்களை ஒரே சமயத்தில் மண்ணுக்குள் அனுப்பும் அதே தொழில்நுட்பம், அதே 11 அங்குல காயில் (மண்ணுக்கு மேல் வீசும் வட்டத் தட்டு), அதே உடல். அடுத்தடுத்த இரண்டு இலக்குகளைப் பிரித்துக் காட்டும் வேகத்தை 600இல் மூன்று படிகளாக மாற்றலாம், 800இல் எட்டுப் படிகளாக. இலக்குக்கேற்ப மாறும் ஓசைத் தொனிகள் 600இல் ஐந்து வரை, 800இல் ஐம்பது வரை. 800இல் தங்கத் துகள் தேடுவதற்கென்று ஒரு தனி மோடும், கூடுதலாக 20, 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்களும் உண்டு. சஃபோக் வயலில் நாணயம் தேடுபவருக்கு அந்தத் தங்க மோடால் என்ன பயன்? வயல் மோடில், பல அதிர்வெண் நிலையில் இரண்டையும் அருகருகே வீசிப் பார்த்தால், 800 கேட்கிற ஆழத்தில் 600உம் கேட்கும். வாங்க வந்தவர்களில் பலர் 800ஐத்தான் எடுத்துப் போனார்கள்; எடுத்துப் போனவர்களில் பலர் அந்த எட்டுப் படிகளைத் தொட்டதே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். துருக்கியின் நோக்டா நிறுவனம் தயாரித்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் நல்ல கருவி. கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் தாதுக்கள் எழுப்பும் ஓசையைக் கழிக்கும் வசதியை, நீங்களே சரிசெய்யலாம். தண்ணீருக்குள்ளும் கொண்டு போகலாம். ஆனால் அது 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்குவது. மினலேப்பின் வேன்குவிஷ் 340இல் கிரவுண்ட் பேலன்ஸ் பொத்தானே கிடையாது, ஆனால் அது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் இயங்குவது. ஃபெலிக்ஸ்டோவில் அலை இறங்கிய ஈர மணலில் இரண்டையும் வீசினால், பொத்தான் குறைந்த வேன்குவிஷ்தான் அமைதியாக இருக்கும். உப்பு நீரில் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்தும். காயில் அனுப்பும் மாறும் காந்தப்புலம், நாணயத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குவதுபோல ஈர மணலிலும் உண்டாக்கிவிடுகிறது. ஒரே அதிர்வெண்ணில் கேட்கும் கருவிக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். சும்மா கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், அதை அடக்க உணர்திறனைக் குறைத்தால் ஆழமும் போய்விடும். பல அதிர்வெண் கருவி, உப்பு எல்லா அதிர்வெண்களிலும் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறது. இந்தக் கழித்தல் முழுவதும் உள்ளே நடப்பது. அதற்கென்று வெளியே திருகுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மோடு?" என்பது அல்ல, "இது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் இயங்குமா?" என்பதுதான். பல அதிர்வெண்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு "மல்டி" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். "ஒரே நேரத்தில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தப் பக்கம் பக்கமான அமைப்புகளுக்கு வருகிறேன். அவற்றை நான் இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். கருவியை நிலத்துக்குப் பொருத்துபவை ஒரு வகை: உணர்திறன், கிரவுண்ட் பேலன்ஸ், அதிர்வெண், மின் இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல், இலக்குகளைப் பிரிக்கும் வேகம். கருவியைக் காதுக்கும் கண்ணுக்கும் பொருத்துபவை இன்னொரு வகை: தொனிகளின் எண்ணிக்கை, இரும்பின் ஒலி அளவு, திரையின் வெளிச்சம், திரையில் வரும் எந்த எண்ணுக்கு எந்த ஓசை என்பன. விலை உயர்ந்த கருவியின் மெனுவில் பெரும்பகுதி இரண்டாம் வகைதான். அவை வீண் அல்ல. பல பருவங்கள் வயலில் நடந்தவர், "இரும்பு எனக்குத் தாழ்ந்த குரலில் கேட்டால் போதும், வெள்ளி மட்டும் உரக்கக் கேட்கட்டும்" என்று தெரிந்தே கேட்பார். உங்களுக்கு இன்னும் அந்தக் காது உருவாகவில்லை. உருவாகாத காதுக்கு ஐம்பது தொனிகளைக் கொடுத்தால், ஐம்பதும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும்.

"கருவி பழுது" என்று என் மேசைக்கு வருபவற்றில் எத்தனையோ பழுதே இல்லாதவை. முதலில் காயிலின் கேபிள் இணைப்பை அசைத்துப் பார்ப்பேன், மின்கலத்தைப் பார்ப்பேன். பிறகு அமைப்புகளைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும். உணர்திறன் உச்சத்தில் இருக்கும். "அதிகம் வைத்தால் அதிகம் கிடைக்கும்" என்ற நினைப்பு. பக்கத்தில் மின்வேலியோ உயரழுத்தக் கம்பியோ இருந்தால் அந்த நிலையில் எந்தக் கருவியும் பிதற்றும். பிதற்றலைத் தாங்காமல் அடுத்து டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் வசதியை, ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள். கடைசியில் கருவி எதற்கும் வாய் திறக்காது. தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்து, உணர்திறனைப் பத்தில் ஏழுக்கு வைத்துக் கையில் கொடுத்தால் "என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்பார்கள். இதற்குக் கட்டணம் வாங்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் வாங்கிவிடுவேன்.

டிஸ்கிரிமினேஷனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். திரையில் வரும் எண் அந்தப் பொருள் இன்ன உலோகம் என்று சொல்வதில்லை. அது எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எப்படிக் கிடக்கிறது என்பவை எல்லாம் கலந்த ஒரு மதிப்பீடு மட்டுமே. கடற்கரையில் பானக் குவளையின் இழுப்பு வளையமும் பெண்கள் அணியும் மெல்லிய தங்க மோதிரமும் ஒரே எண்ணைக் காட்டும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணை ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போகும். இதைப் பிரித்துக் காட்டும் கருவி இருநூறு பவுண்டிலும் இல்லை, ஆயிரத்து ஐந்நூறிலும் இல்லை. வயலில் இன்னும் நுட்பம். இங்கிலாந்தின் இடைக்கால வெள்ளிப் பென்னி, கைச் சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டது. தாளைப் போல மெல்லியது. சில்லறைக்காக அதைப் பாதியாகவும் கால்வாசியாகவும் வெட்டிப் புழங்கினார்கள். அந்தக் கால்துண்டு ஒன்று கையில் இருந்தால் சுண்டுவிரல் நகத்துக்குமேல் பெரிதாக இராது. கருவியின் பார்வையில் அது சாக்லெட் சுற்றிய அலுமினியத் தாளுக்குப் பக்கத்து வீடு. எளிய கருவியில் "காயின்" என்று ஒரு மோடு இருக்கும். நாணயம்தானே தேடுகிறோம் என்று எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். அந்த மோடு சிறிய எண்களை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டது. நீங்கள் "ஜுவல்லரி" மோடில் தொடங்குங்கள். குப்பை கூடுதலாக வரும், கால்துண்டும் வரும்.

உங்கள் விவசாயியிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: அந்த வயலில் "கிரீன் வேஸ்ட்" கொட்டியிருக்கிறார்களா? வீட்டுத் தோட்டக் கழிவுகளைச் சேகரித்து மக்க வைத்து உரமாகப் போடுவார்கள். அதோடு அரைபட்ட அலுமினியக் குவளைகளும் பேட்டரித் துண்டுகளும் கலந்து வந்துவிடும். அப்படிப்பட்ட வயலில் விலை உயர்ந்த கருவியும் அழும், மலிந்ததும் அழும். வேறு வயல் இருக்கிறதா என்று கேட்பதே அங்கு சிறந்த அமைப்பு.

விலை உயர்ந்த கருவி உண்மையிலேயே எங்கே தன் காசைச் சம்பாதிக்கிறது என்பதை வீட்டு மேசையிலேயே பார்க்கலாம். ஆணி அடிக்காத மரப்பலகையில் ஒரு துருப்பிடித்த ஆணியையும், 1947க்கு முந்தைய சிறிய வெள்ளி மூன்று பென்ஸ் நாணயத்தையும் நான்கு விரற்கடை இடைவெளியில் வையுங்கள். காயிலை மேலாகச் சீராக வீசுங்கள். பிரிக்கும் வேகம் குறைவாக உள்ள கருவி, ஆணியைக் கேட்ட திகைப்பு தீர்வதற்குள் நாணயத்தைக் கடந்துவிடும். உங்களுக்கு ஒரு முனகல் மட்டும் கேட்கும். வேகத்தைக் கூட்டினால் முனகலுக்குப் பின்னால் ஒரு சிறு வெட்டுக் குரல் எழும். அதுதான் வெள்ளி. இப்போது ஆணியை நாணயத்தின் மேலேயே சாய்த்து வைத்து, 90 பாகை சுற்றி நின்று வேறு திசையிலிருந்து வீசிப் பாருங்கள். ஒரு திசையில் ஊமையாக இருந்தது மறுதிசையில் பேசும். பழைய ரோமானியக் குடியிருப்பு இருந்த நிலத்தில், கூரை ஆணிகள் நெல் தூவியதுபோலக் கிடக்கும். அங்கே இந்த வேகத்தைப் படிப்படியாக மாற்றும் வசதி இருப்பவர், இல்லாதவர் விட்டுச் சென்றதை எடுப்பார். பிரான்சின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் வரிசை இதற்காகவே பேர் பெற்றது. ஆனால் பாதி வித்தை திசை மாற்றி வீசுவதில் இருக்கிறது. அதற்கு எந்தக் கருவியிலும் பணம் கேட்பதில்லை.

அதேபோல, நீங்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தங்க நிலங்களில் இருந்து எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே மண்ணிலேயே காந்தத் தாதுக்கள் மிகுதி. மண்ணின் குரலைக் கழிக்க முடியாத கருவி அங்கே பயனற்றது. சஃபோக் மண் பெரும்பாலும் சாது. கிரவுண்ட் பேலன்ஸைக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்.

எளிமை என்றால் கற்றுக்குட்டிகளுக்கானது என்று நினைப்பவர்களுக்கு நான் சுட்டிக்காட்டுவது கண்ணிவெடி அகற்றும் கருவிகளை. மினலேப் எஃப்3 என்ற கருவியில் உணர்திறனை மாற்றத் திருகு கிடையாது. கருவியின் முனையில் பொருத்தும் மூடியையே கழற்றி வேறு மூடி மாட்ட வேண்டும். வெயிலில் முழங்காலிட்டு நாள் முழுக்க வேலை செய்பவரின் கைபட்டுத் தவறுதலாக எதுவும் மாறிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. உயிர் பணயமாக இருக்கும் வேலையில் அமைப்புகளைக் கூட்டவில்லை, கைக்கு எட்டாமல் வைத்தார்கள்.

"2009இல் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டெடுத்த டெர்ரி ஹெர்பர்ட், பழைய பொருள் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கிய கருவியைத்தானே வைத்திருந்தார்?" என்று சிலர் எளிய கருவிக்கு ஆதரவாகச் சொல்வார்கள். செய்திகளில் அப்படித்தான் வந்தது. புதையலின் மதிப்போ 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. உழவில் கிளறப்பட்டு மேல்மண்ணில் சிதறிக் கிடந்த தங்கக் குவியலுக்கு எந்தக் கருவியும் கத்தும். கருவியின் தரம் தெரிவது தனியாகக் கிடக்கும் ஒரு கால்துண்டுப் பென்னியில்தான்.

ஆகவே என் முடிவு: இரண்டில் மலிந்ததையே வாங்குங்கள், அது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் இயங்குவதாக இருந்தால். இல்லையென்றால், சற்றுக் கூடுதலாகப் போட்டு அந்தத் திறன் உள்ள, பொத்தான் குறைந்த கருவியாகப் பாருங்கள். எடை குறைந்ததாக இருக்கட்டும். 12 வயதுக் கை அரைமணி நேரத்தில் சோர்ந்துபோகும் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காரின் பின்பகுதியிலேயே கிடக்கும். எப்போது அடுத்ததற்குப் போவது என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். "இந்த ஆணிக் கூட்டத்தில் வேகத்தைக் கூட்ட முடிந்தால் நன்றாக இருக்குமே" என்று குறிப்பாக ஒன்று குறைபடும்போது போகலாம். வெறுமனே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காகப் போகாதீர்கள். கணவர் பிடிவாதமாக ஆயிரம் பவுண்டுக் கருவியையே வாங்கி வந்துவிட்டாலும் பாதகமில்லை. முதல் பொதுப் புரோகிராமில் வைத்து, உணர்திறனைத் தவிர வேறெதையும் தொடாமல் ஒரு பருவம் முழுக்க ஓட்டுங்கள். எளிய கருவி கற்றுத்தருவதை அதுவும் கற்றுத்தரும்.

வயலுக்குப் போகுமுன் விவசாயியிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சேர்த்து. அந்த நிலம் பாதுகாக்கப்பட்ட தொல்லிடப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் உரிய அனுமதியின்றிக் கருவியை வீசுவதே குற்றம். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ கொண்ட பொருள்கள் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வருபவை. தனி நாணயத்துக்கு விலக்கு உண்டு. ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் கிடையாது. 2023 முதல் சட்டத்தின் எல்லை இன்னும் விரிந்திருக்கிறது. 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாவட்டத்துக்கென்று இருக்கும் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் (Finds Liaison Officer) கொண்டு போனால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பயப்பட வேண்டாம், அவர்கள் பறிமுதல் செய்பவர்கள் அல்லர். தேர்ந்த கண்ணோடு நீங்கள் கண்டெடுத்த பழைய சட்டைப் பொத்தானைப் பார்த்து அதன் காலத்தைச் சொல்லுபவர்கள்.

உங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றையும் மகனிடம் சொல்லுங்கள். 1992 நவம்பரில் ஹாக்ஸ்னே கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போனார் எரிக் லாஸ். பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த டிடெக்டர் அவருடையது. சுத்தியலுக்கு முன்னால் சுமார் 15,000 ரோமானிய நாணயங்களும் தங்க நகைகளும் அகப்பட்டன. முழுவதையும் தானே தோண்டி எடுக்காமல், பாதியில் நிறுத்தி அதிகாரிகளுக்குச் சொன்னார். அதனால்தான் தொல்லியலாளர்கள் அந்தப் புதையலை, வைத்த பெட்டியின் அடையாளத்தோடு, வரிசை கலையாமல் எடுக்க முடிந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நாணயங்களோடு அந்தச் சுத்தியலும் இருக்கிறது. லண்டன் பக்கம் போனால் காட்டுங்கள்.

இனி, அம்மாவின் நகை. நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் மனத்தில் முதலில் இருப்பது என்று தோன்றுகிறது.

முதலில் கருவி பற்றிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா நகைகளை எதில் வைத்துப் புதைத்தார் என்று கேளுங்கள். பித்தளைச் செம்பிலோ எவர்சில்வர் டப்பாவிலோ என்றால் வேலை எளிது. அந்த அளவுப் பொருள், முழங்கால் ஆழத்தில் இருந்தாலும் சாதாரணக் கருவிக்குக் கேட்க வாய்ப்பு நன்றாகவே உண்டு. துணியில் முடிந்து புதைத்திருந்தால் உள்ளே என்னென்ன இருந்தன என்பது முக்கியம். காப்பு முழு வட்டம். சுழல் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவர அதில் வழி இருப்பதால் உரக்கப் பேசும். சங்கிலி அப்படி அல்ல. எத்தனை பவுனாக இருந்தாலும், கருவி அதைக் கோத்த ஒற்றைப் பொருளாகக் காண்பதில்லை. தனித்தனிச் சிறு கண்ணிகளாகவே காண்கிறது. மெல்லிய சங்கிலி ஓரடி ஆழத்தில் இருந்தால் மிக உயர்ந்த கருவியும் அதைத் தாண்டிப் போய்விடும். தாலிக்கொடி போலத் தடித்ததானால் சற்றுப் பரவாயில்லை. பதக்கமோ காசோ கோத்திருந்தால் அதைக் கேட்கும்.

மண்ணும் வேறு. வலிகாமத்தின் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. ஆனால் சிவப்பாக இருக்கும் மண்ணெல்லாம் டிடெக்டரைத் தொந்தரவு செய்வதில்லை; காந்தத்துக்கு ஒட்டும் வகைத் தாது எவ்வளவு என்பதே கணக்கு. ஊரில் இருக்கும் உறவினர் யாரிடமாவது சொல்லி, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, காய்ந்த மேல்மண்ணில் புரட்டி எடுக்கச் சொல்லுங்கள். பையில் கரிய தூள் தாடியாக ஒட்டிக்கொண்டால் கிரவுண்ட் பேலன்ஸை நீங்களே சரிசெய்யக்கூடிய கருவி தேவைப்படும். ஒட்டவில்லை என்றால் சஃபோக்கில் வீசும் அதே கருவி போதும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டளை. அந்த வளவில் கருவி கத்தினால் நீங்கள் தோண்டக் கூடாது. வலிகாமத்தின் சில பகுதிகள் நீண்ட காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தவை. வடக்கில் வெடிக்காத குண்டுகளும் கண்ணிவெடிகளும் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் எடுக்கப்பட்டு வந்தவை. வயல்வெளி டிடெக்டர் எவ்வளவு விலையானாலும் செம்பையும் எறிகணைத் துண்டையும், மூடியையும் மிதிவெடியின் சிறு உலோகப் பாகத்தையும் பிரித்துச் சொல்லாது. இரண்டுக்கும் "பீப்" ஒன்றுதான். ஆகவே காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதியில் உள்ளதா என்பதைக் கிராம சேவையாளரிடம் கேளுங்கள். இலங்கையில் கண்ணிவெடிப் பணிகளுக்கென்று அரசின் தேசிய மையம் இருக்கிறது, அங்கே எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை மகனை அந்தப் பக்கம் கருவியோடு விடாதீர்கள். கருவியைப் பெட்டியில் போடுவதற்கு முன் சுங்க விதியையும் பாதுகாப்பு அனுமதியையும் இலங்கைத் தூதரகத்தில் விசாரியுங்கள். சொந்த நகையைத் தேடுவது வேறு, தொல்பொருள் தோண்டுவது வேறு என்பது நமக்குத் தெரியும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கும் நாட்டில், டிடெக்டரும் மண்வெட்டியுமாக நிற்பவரைப் பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டும் அல்லவா?

காணி விடுவிக்கப்பட்டது என்று உறுதியானால், கருவியைத் தொடும் முன் அம்மாவிடம் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். கிணறு எங்கே, குசினி வாசல் எங்கே, மாமரமோ பனையோ எந்தப் பக்கம், புதைத்த இடத்தில் நின்றால் கிணறு வலக்கையிலா இடக்கையிலா? வீடும் வேலியும் போனாலும் கிணறு பெரும்பாலும் இடம் மாறாது. முழு வளவையும் அலசுவதைவிட, கிணற்றிலிருந்து அளந்து குறித்த பத்தடிச் சதுரத்தை இரண்டு திசையிலும் மெதுவாக வீசுவது பலமடங்கு பலன் தரும். புதைத்தது எதில் என்று அம்மாவுக்கு நினைவிருந்தால், அதே போன்ற ஒரு செம்பை இப்ஸ்விச்சிலேயே தோட்டத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே புதைத்து, கருவி எப்படிக் குரல் கொடுக்கிறது என்று பழகிக்கொண்டு போங்கள். மண் கிளறப்பட்ட இடத்தில் குரல் சற்று மாறும். ஆனாலும் காதுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழிக்குள் பொருளைக் குறிவைத்துக் காட்டும் பின்பாயிண்டர் ஒன்று வாங்குங்கள். தோண்டும் நேரம் பாதியாகும், பயிர் வேரும் தப்பிக்கும். நல்ல ஹெட்போன், இல்லையேல் மெல்லிய குரல்கள் காற்றில் போய்விடும். உறுதியான சிறு ஸ்பேடு, தோண்டிய குழியை மூட. பின்பாயிண்டரிலும் பேர்பெற்ற கருவிகளிலும் போலிகள் சந்தையில் நிறைய உலவுகின்றன. பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும், ஈர மண் பட்டதும் ஓய்ந்துவிடும். நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் கிடைக்கிறது என்றால் நம்பாதீர்கள். பழைய கருவி வாங்குவதானால் நேரில் போய், காயில் கேபிளை அசைத்துக்கொண்டே ஒரு நாணயத்தின் மேல் வீசிக் கேளுங்கள். ஓசை விட்டுவிட்டு வந்தால் கேபிளின் உள்ளே முறிவு இருக்கிறது. வரிசை எண்ணைக் குறித்து, அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சரிபார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.